பழைய கொழும்பின் நைட் கிளப்புகள்: மறக்க முடியாத ஒரு இரவைச் சொல்லுங்கள்

ஹம்டன் லேன்காரன்

தாஜ் சமுத்திரா ஹோட்டலில் மை கைண்ட் ஒஃப் பிளேஸ் என்ற டிஸ்கோ இருந்தது ஞாபகம் உள்ளவர்கள் கை தூக்குங்கள். என் கதை அங்கிருந்து திரும்பி வரும் வழியில் நடந்தது.

கலதாரி ஹோட்டலடியில் குண்டு வெடித்தது 1997 ஒக்டோபரில். அதற்குச் சில மாதம் கழித்து. நாங்கள் நாலு பேர் ஓட்டோவில் வெள்ளவத்தைக்கு வருகிறோம். கொள்ளுப்பிட்டி தாண்ட ஆமி மறித்தது. அந்தக் காலத்து அடையாள அட்டை தெரியும்தானே, சிங்களவர்களுடையதில் சிங்களம் மட்டும், எங்களுடையதில் தமிழும் இருக்கும். பெயரை வாசிக்கவே தேவையில்லை, டோர்ச் வெளிச்சம் பட்டவுடன் இறங்கு என்பார்கள். பிறந்த இடம் வேறு யாழ்ப்பாணம். பொலிஸ் பதிவுத் துண்டை எடுத்து நீட்டினேன்.

அவன் துண்டைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டில் டோர்ச்சைப் பிடித்தான். டிஸ்கோ வாசலில் ஊதா மையில் முத்திரை குத்துவார்களே, அது. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். எங்கள் வயதுதான் இருக்கும், மீசை சரியாக முளைக்கவில்லை. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உள்ளே எப்படி இருக்கும்?" என்றான். குளிர், இருட்டு, காது கிழியும், உள்ளே ஒரு பியர் காசுக்கு வெளியில் மூன்று வாங்கலாம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பெட்டைகள் வருவார்களா என்றான். வருவார்கள், எங்களோடு ஆடமாட்டார்கள் என்றேன். பக்கென்று சிரித்துவிட்டான்.

பின்னால் இருந்து அவனுடைய மேலதிகாரி ஏதோ கத்தினார். உடனே முகம் மாறியது. மற்ற மூன்று பேரையும் இறக்கி, சப்பாத்தைக் கழற்றவைத்து, ஓட்டோ சீட்டைக் கிளப்பி, ஒழுங்காகச் சோதித்தான். என்னை மட்டும் தொடவில்லை. வீடு வரும்வரை மூன்று பேரும் என்னோடு கதைக்கவில்லை. அதில் ஒருவன் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவான்.

கந்தோர் ஐயா

தம்பி, 97 எல்லாம் பழைய காலமா?

கொழும்பில் இரவு என்று ஒன்று இருந்தது அறுபதுகளில். காலி முகத்து ஹோட்டலில் கோகனட் குரோவ், கோட்டையில் சீலிங்கோ கட்டிட உச்சியில் ஆகாச கடே. ஜெட்லைனர்ஸ் வாசிக்க மினோன் பாடுவதைக் கேட்காதவருக்கு நான் என்ன எழுதினாலும் விளங்காது. இன்னொன்று, 1966 இலிருந்து 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலைநாள். லீவு நிலாவைப் பார்த்து வரும் பௌத்தரின் போயா நாளுக்குத்தான், அது கிழமையில் எந்த நாளிலும் வரும். அதனால் சனி இரவு என்ற பேச்சே கிடையாது. கலண்டரைப் பார்த்துத்தான் கூத்துக்கு நாள் குறிக்க வேண்டும். செவ்வாய் இரவு ஆடிவிட்டு வந்து புதன்கிழமை முழுக்கப் படுத்த சனம் நாங்கள்.

கோட், டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பம்பலப்பிட்டியில் நாங்கள் சமறியில் இருந்த ஐந்து கிளாக்கர்மாருக்கும் சேர்த்து ஒரே கோட். சாம்பல் நிறம், வலது கையில் ஒரு பொத்தான் இல்லை. முறை வைத்துப் போவோம். என் முறை வந்தது. உள்ளே போய் ஒரு மூலை மேசையில் இருந்து ஜின்ஜர் பியருக்குச் சொன்னேன். கொண்டுவந்த வெயிட்டர் வயதானவர், கிளாஸை வைத்துவிட்டுப் போகாமல் என் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து, சுத்தமான தமிழில், "ஐயா, இந்தக் கோட் போன மாசமும் வந்தது. அப்ப உள்ளுக்கு வேற ஆள்" என்றார்.

ஒருவருக்கும் கேட்கவில்லை, கேட்கும்படி சொல்லவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பாட்டு என் காதில் ஏறவில்லை. சமறியில் மற்ற நாலு பேருக்கும் நான் இதைச் சொல்லவே இல்லை. அவர்களுக்கும் இதேபோல யாராவது சொல்லியிருப்பார்களோ என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

71 ஏப்ரலில் கிளர்ச்சி வந்தது, ஊரடங்கு போட்டார்கள். என்னைக் கேட்டால் அதோடு சரி. பிறகு வந்ததெல்லாம் ரெக்கோர்ட் போட்டுக் குதிப்பது.

கொட்டாஞ்சேனைப் பொடியன்

ஐயா, மரியாதையோடுதான் கேட்கிறேன், கோட் போட்டால்தான் இரவா? நீங்கள் சொல்லும் இடங்களில் எங்களைப் போல ஆட்கள் வாசல் கூட்டத்தான் போயிருப்பார்கள். தமிழ்ச் சனத்துக்குக் கொழும்பில் இரவு வாழ்க்கை வந்ததே எழுபதுகளில், பொப் இசை வந்த பிறகுதான். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் எல்லோரும் கோகனட் குரோவிலா பெயர் எடுத்தார்கள்? மண்டபம், பள்ளிக்கூட மைதானம், கோயில் திருவிழா மேடை. கிட்டாரும் டிரம்ஸும் வைத்துத் தமிழில் பாடலாம் என்பதே அப்போது புதுசு. சுராங்கனியைச் சிங்களப் பொடியன்களும் எங்களோடு சேர்ந்து பாடினார்கள், டிக்கெட் ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு கூட வராது, டையும் தேவையில்லை. 71 உடன் முடிந்துவிட்டது என்கிறீர்கள். உங்களுக்கு முடிந்த இடத்தில்தான் எங்களுக்குத் தொடங்கியது.

என் கதை சின்னது. கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாக் காலத்தில் ஒரு ஷோ, முடிய இரவு இரண்டு மணி. மூன்று மாதம் காசு சேர்த்துத் தைத்த பெல்பொட்டம், கீழே தெருவைக் கூட்டிக்கொண்டு போகும். வீட்டுக்கு வந்தால் அப்பா விறாந்தையில் முழித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை, எழும்பிப் போய்ப் படுத்துவிட்டார். தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் கொடியில் பெல்பொட்டம், தோய்த்து, முழங்காலோடு வெட்டி, மடிப்புக்கூடத் தைத்துத் தொங்குகிறது. அவ்வளவு நேர்த்தியான தையல். அம்மாவின் கை அது. அப்பாவை நான் எப்போதோ விட்டுவிட்டேன், அம்மாவும் கூட்டு என்பதுதான் இன்னும் பொறுக்கவில்லை.

நிலாமகள்

சண்டையை விடுங்கள். என்னுடையது 2002, சமாதான காலம், ஏ9 பாதை திறந்து ஊரெல்லாம் வெளிநாட்டு ஆட்கள். ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சாள் அடம்பிடித்து ஹில்டனுக்கு, புளூ எலிபன்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனா. வீட்டில் சொன்னது கல்யாண வரவேற்பு என்று. சாரியில் போய் அங்கே கழிப்பறையில் ஜீன்ஸுக்கு மாறினேன், சாரி கைப்பையில் அடங்காமல் ஒரு முனை வெளியில் தொங்கியது.

ஆட்ட மேடையில் பைலா போட்டவுடன் நடுவில் ஒருவர் தனியாக ஆடுகிறார். கண்ணை மூடி, இரண்டு கையையும் மேலே தூக்கி, காலில் அப்படி ஒரு லாவகம். எல்லோரும் விலகி இடம் விட்டுவிட்டார்கள். பார்த்தால் எங்கள் இரசாயன டியூசன் மாஸ்டர். உயர்தரத்துக்கு இரண்டு வருஷம் அவரிடம்தான் படித்தேன். அந்த இரண்டு வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, பிந்தி வந்தால் வெளியில் நிற்க வேண்டியதுதான்.

பாட்டு முடிய அவர் கண்ணைத் திறந்தார். நேரே நான். கைப்பையில் சாரி. இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு அவர் கிட்ட வந்து, வேர்க்க விறுவிறுக்க, வகுப்பில் பேசும் அதே குரலில், "பிள்ளை, நீர் என்னைக் காணேல்லை, நான் உம்மைக் காணேல்லை. சரியோ?" என்றார். சரி சேர் என்றேன். "வீட்ட எப்பிடிப் போறீர்?" என்றும் கேட்டார். மச்சாள் வாடகைக் கார் பிடித்திருக்கிறா என்றேன். தலையாட்டிவிட்டுப் போய் மறுபடி ஆடத் தொடங்கினார்.

இதை வீட்டில் சொல்ல முடியாது, சிநேகிதிகளிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். இத்தனை வருஷம் கழித்து இங்கேதான் சொல்கிறேன். அவருடைய பெயரைக் கேட்காதீர்கள்.

நல்லெண்ணம்

எனக்கும் ஒரு அனுபவம். 2010 வாக்கில் கொள்ளுப்பிட்டியில் ஒரு கிளப்பில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்தபோது பொலிஸ் பலூன் ஊதச் சொன்னது, ஊதினேன், நிறம் மாறவில்லை, விட்டுவிட்டார்கள்.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயம். முதலாவது, வண்டி கொண்டு போகவே வேண்டாம். இரத்தத்தில் 100 மில்லிலீட்டருக்கு 80 மில்லிகிராம்தான் எல்லை, அது எவ்வளவு குடித்தால் வரும் என்று கணக்குப் பார்க்கிறவன் ஏற்கனவே குடித்தவன். போனில் பிக்மீ ஆப் இருக்கிறது, ஓட்டோவும் அதிலேயே வரும், பேரம் பேசத் தேவையில்லை. இரண்டாவது, போயாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு மது விற்கமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் பூட்டிய கதவைக் காட்டியவர்கள் உண்டு. மூன்றாவது, மெனுவில் இருக்கும் விலை கடைசி விலை அல்ல. 10 வீதம் சேவைக் கட்டணமும் வரியும் ஏறும், பில்லை வாசித்துவிட்டுக் காசு வையுங்கள். சாப்பிடாமல் போகாதீர்கள், சாராயத்தையும் பியரையும் கலக்காதீர்கள், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், என் சகலனுக்கு ஒரு காதில் இப்போதும் இரைச்சல். 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு பெரிய ஹோட்டல்களில் பையைத் திறந்து பார்ப்பார்கள், கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. பெண் பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போவதுதான் நல்லது, தனியாகக் குடிப்பதும் சட்டப்படி சரியா என்று ஒருதடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலாமகள்

அண்ணை, நான் குடித்தேன் என்று எங்கே எழுதினேன்? சட்டத்தில் இருப்பது பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்பது, 1979 இலிருந்து. 2018 ஜனவரியில் நிதியமைச்சு அதை எடுத்தது, சில நாளிலேயே ஜனாதிபதி திரும்பப் போடச் சொன்னார். ஹோட்டலில் அதை ஒருவரும் பார்ப்பதும் இல்லை. நீங்கள் ஊதிய பலூன் கதையை இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

தட்டு நானா

கிளப் முடிந்து நீங்கள் எல்லோரும் வந்து நிற்பது எங்கள் கடையில்தானே. வாப்பாவின் கொத்துக் கடை மருதானையில். பதினாறு வயதில் இருந்து நான் இரவுக் கல்லில். இரண்டு மணிக்குப் பிறகு வருகிறவர்களைச் சட்டையைப் பார்த்தே எந்தக் கிளப் என்று சொல்வேன்.

தொண்ணூறுகளில் ஒருவர் அடிக்கடி வருவார். ஹோட்டல் பாண்டில் டிரம்மர், மினுங்கல் சட்டை. ஒருநாள் நான் மூன்று கொத்துக்கு ரொட்டி, முட்டை, லீக்ஸ் எல்லாம் போட்டு அடிக்கத் தொடங்க, "தம்பி, தா பார்ப்போம்" என்று உள்ளே வந்து தகடு இரண்டையும் வாங்கினார். முதலில் மெதுவாக. பிறகு பைலா அடி. கல்லின் ஓரத்தில் ஒரு தட்டு, நடுவில் இரண்டு, தகட்டோடு தகடு ஒரு உரசல். நாங்களும் தாளத்தோடுதான் கொத்துகிறோம், ஆனால் அது வேறு. சாப்பிட்டுக்கொண்டிருந்த சனம் மேசையில் தட்டுகிறது, ஒரு ஓட்டோக்காரர் நடுக்கடையில் ஆடுகிறார். நிறுத்தும்போது கல்லில் கொத்து இல்லை, மூன்று ரொட்டியும் புட்டு மாதிரி உதிர்ந்து கிடந்தது. வாப்பா சிரிக்கவில்லை. மூன்றையும் அவருடைய கணக்கில் போட்டார். அவரும் கட்டினார்.

கட்டிவிட்டு வாப்பாவிடம், இங்கே ஆள் தேவையா என்று கேட்டார். டீஜே வந்த பிறகு கிழமைக்கு ஒரு இரவுதான் பாண்டாம், மற்ற நாளெல்லாம் ஒரு பொடியன் சீடி போடுகிறானாம். பகிடி என்று நினைத்து வாப்பா, "கொத்தத் தெரியாத ஆளுக்கு வேலை இல்ல" என்று சொல்லி எல்லோரும் சிரித்தோம். அவர் சிரித்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை.

கந்தோர் ஐயா ரெக்கோர்ட் போட்டுக் குதிப்பதைப் பற்றிச் சொன்னதால்தான் இதை எழுதினேன். அந்த விஷயத்தில் நான் அவர் பக்கம்.

53 ரன்

2007 உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதி, அவுஸ்திரேலியாவோடு. பார்படோஸில் மழை, ஆட்டம் 38 ஓவர், இங்கே நேரம் நள்ளிரவு தாண்டிவிட்டது. காலி வீதிப் பக்கம் ஒரு கிளப்பில் பெரிய திரை, இசையை நிறுத்திவிட்டு மட்ச் போட்டார்கள். கில்கிறிஸ்ட் 149 அடித்ததைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, கையுறைக்குள் வைத்த ஸ்குவாஷ் பந்தைப் பற்றியும். சனத்தும் சங்காவும் நிற்கும்வரை நம்பிக்கை இருந்தது. நானும் கந்தோர் நண்பர்கள் ஆறு பேரும், ஏழு பேரில் தமிழ் நான் ஒருவன். முகத்தில் சிங்கக்கொடி வரைந்திருந்தேன்.

திடீரென்று திரை அணைந்தது. கிளப் அணைந்தது. வெளியில் வந்தால் முழுக் கொழும்பும் இருட்டு. துறைமுகப் பக்கத்தில் இருந்து சிவப்புச் சிவப்பாக வரிசையாக மேலே போகிறது. வாண வேடிக்கை என்று சிலர் கைதட்டினார்கள். பிறகுதான் யாரோ, புலிகளின் பிளேன் என்றார். கைதட்டல் நின்றது. கொலன்னாவை, முத்துராஜவெல எண்ணெய்த் தாங்கிகளுக்கு வந்தது என்பது விடிந்த பிறகு தெரிந்த கதை.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அம்மா. ரிங்டோன் தமிழ் சினிமாப் பாட்டு, முழுச் சத்தத்தில், குத்துப்பாட்டு வேறு. இருட்டில் நூறு பேர் திரும்பினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். முகம் ஒன்றும் தெரியாது, திரும்புவது மட்டும் தெரியும். என் கை பொக்கெற்றுக்குள் போகவில்லை. பக்கத்தில் நின்ற நண்பர் கையை விட்டு போனை எடுத்து அணைத்தார். பிறகு என் தோளில் கையைப் போட்டு, சத்தமாகச் சிங்களத்தில், "மச்சான், உன்னுடைய ரசனையைத் திருத்தவே முடியாது" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தக் கை வீட்டு வாசல் வரைக்கும் என் தோளிலேயே இருந்தது.

எனக்குப் புரியாதது, அது என்னைக் காப்பாற்றிய கையா, என்னை விட்டுவிடாமல் பிடித்த கையா என்பதுதான்.

நல்லெண்ணம்

இதற்குத்தான் கூட்டமான இடங்களில் போனை சைலன்ட்டில் போட வேண்டும் என்பது. வைப்ரேட்டும் வேண்டாம். அம்மாவுக்கு முன்கூட்டியே மெசேஜ் அனுப்பியிருந்தால் அவரும் எடுத்திருக்க மாட்டார்.

ஹம்டன் லேன்காரன்

நல்லெண்ணம் அண்ணை, கொஞ்சம் பொறுங்கள். 53 ரன், அந்த நண்பரோடு இப்போதும் தொடர்பு உண்டா? கேட்டுப் பார்க்கலாமே.

53 ரன்

உண்டு, மெல்பேர்னில் இருக்கிறார். இப்போது அவுஸ்திரேலியாவுக்குத்தான் கைதட்டுகிறார். அந்தச் சண்டையே இன்னும் முடியவில்லை, இதை எங்கே கேட்பது?