ஒரே பக்கம், இரண்டு வடிவமைப்பாளர்கள்: யார் சொல்வதைக் கேட்பது?

கேட்டவர்: மாவட்டப்பக்கம்
நாளிதழ் ஒன்றின் மாவட்டப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். எங்களுக்கு லேஅவுட் ஆர்ட்டிஸ்ட் இரண்டு பேர். பெரியவர் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருள் காலத்து ஆள். செய்திகளுக்கு நடுவே கோடு கிடையாது, கலர் கிடையாது. கொட்டை எழுத்தில் தலைப்பை வைத்துச் செய்தியை இறக்கிவிடுவார். இளையவரான தம்பிக்கு, அதற்குப் பின் வந்த இன்டிசைன். நாலு வரிச் செய்திக்கும் பாக்ஸ், பின்னால் மஞ்சள் டின்ட் (வெளிர்நிறப் பின்னணி).

போன வாரம் ‘குடிநீர்க் குழாய் உடைப்பு: பொதுமக்கள் சாலை மறியல்’ என்று நான்கு பத்தி (column) அகலத்துக்குத் தலைப்பு கொடுத்தேன். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து இடம் இரண்டு பத்தியானது. தம்பி எழுத்தின் அகலத்தை 70 சதவீதத்துக்கு ஒடுக்கி நுழைத்துவிட்டார். காலையில் பார்த்தால் எழுத்தெல்லாம் பட்டினி கிடந்தது போல நிற்கிறது. கேட்டால், “இது என் ஸ்டைல் அக்கா.” பெரியவரோ, “நான் போட்டிருந்தா இப்படி ஆகுமா?” ஆசிரியருக்குப் பக்கம் நேரத்துக்குப் போனால் போதும். உங்கள் அலுவலகங்களில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வெட்டிஒட்டி
தங்கச்சி, நான் கணினிக்கு முன்னால் புரோமைடை (எழுத்து பதிந்த புகைப்படத் தாளை) வெட்டி ஒட்டிப் பக்கம் போட்டவன். இந்தச் சண்டை அப்போதே உண்டு. பாக்ஸ், டின்ட் எல்லாம் அவரவர் கைவாகு, விட்டுவிடு. எழுத்தை ஒடுக்குவதை மட்டும் ஸ்டைல் என்று ஒத்துக்கொள்ளாதே. ண, ன இரண்டுக்கும் வித்தியாசமே ஒரு சுழிதான். அதை நசுக்கினால் வாசகர் எழுத்துக்கூட்ட வேண்டியதுதான். வரி இடைவெளியும் அப்படியே. ஆங்கிலத்துக்கு வைக்கிற அளவை வைத்தால் மேல் வரி ‘ழு’வின் வால் கீழ் வரி ‘க்’ புள்ளியில் இடிக்கும்.

பெரியவர் பாணியிலும் ஆபத்து இருக்கிறது. நானும் கோடு போடாத கட்சிதான். ஒருநாள் ‘அமைச்சர் இன்று வருகை’, பக்கத்திலேயே அதே உயரத்தில், அதே அளவில் ‘கொசுத் தொல்லை அதிகரிப்பு’. ஊரே ஒரே வரியாகப் படித்துச் சிரித்தது. ஒரு வாரம் எனக்குப் பக்கமே தரவில்லை.

எட்டுப்பத்தி
தலைப்புக்கு நான்கு அளவு, ஒடுக்கினால் 95 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று பாராகிராஃப் ஸ்டைலில் (எழுத்து அமைப்பைச் சேமித்து வைக்கும் வசதியில்) போட்டு, இருவர் கணினியிலும் ஏற்றிவிடுங்கள். உங்கள் பக்கம் எத்தனை பத்தி? எட்டு என்றால் ஆறாக்கிப் பாருங்கள். ‘நிறைவேற்றப்பட்டுள்ளதாக’ போன்ற ஒரு சொல்லே ஒல்லிப் பத்தியில் வரி முழுக்கப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முந்தைய வரியில் இரண்டு சொல்லுக்கு நடுவே மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடைவெளி விழும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இடம் பாதியானது தெரிந்த பிறகு தலைப்பை நீங்கள் ஏன் மாற்றித் தரவில்லை?

மாவட்டப்பக்கம்
சரி, குட்டு வாங்கிக்கொண்டேன். இடம் குறைந்தால் முதலில் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். நேற்று ராத்திரி பத்தரைக்குத் தம்பி கூப்பிட்டார்: “அக்கா, ரெண்டு வார்த்தை வெட்டுங்க.” வெட்டினேன், ஒடுக்காமலே உட்கார்ந்தது. மஞ்சள் டின்ட் மட்டும் அப்படியே இருக்கிறது.