பழைய பில்லு, வவுச்சரை எல்லாம் எப்ப தூக்கிப் போடலாம்?

கணக்குப்பிள்ளை:
எங்களது சின்ன பிரைவேட் லிமிடெட், மாடி ரூம் முழுக்க அட்டைப்பெட்டிதான், ரெண்டு பெட்டி கரையான் அரிச்சு மண்ணாவே போச்சு, முதலாளி மொத்தத்தையும் பழைய பேப்பர்காரர்ட்ட போடுங்கறார். போடலாமாங்க?

மொட்டைமாடி:
அய்யய்யோ அவசரப்படாதீங்க! கம்பெனி சட்டம் 2013, பிரிவு 128 படி கணக்கு புக்கு, வவுச்சர் எல்லாம் 8 நிதியாண்டு இருக்கணும். ஜிஎஸ்டிக்கு அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் கடைசி தேதில இருந்து 72 மாசம். அப்பீல் ஏதும் ஓடுதுன்னா அது முடிஞ்சு இன்னும் ஒரு வருஷம், இதுல எது பிந்தியோ அதுவரைக்கும். மீட்டிங்ல எடுத்த முடிவெல்லாம் எழுதி வைக்கற மினிட்ஸ் புக்குல மட்டும் கையே வைக்காதீங்க, அது காலத்துக்கும் இருக்கணும்.

சில்லறை:
பெட்ரோல் பங்க்ல தர்ற வழவழ பில்லு கொஞ்ச நாள்ல வெள்ளைத்தாளாயிடும், வந்த அன்னைக்கே ஸ்கேன் பண்ணிடுங்க. ஃபைலுக்கு வருஷம், பார்ட்டி பேரு, பில் நம்பர்னு பேர் வைங்க, 'ஸ்கேன்001'னு விட்டுட்டு ஒரே ஒரு இன்வாய்ஸை நாங்க ஒரு நாள் முழுக்க தேடினோம்.

கணக்குப்பிள்ளை:
நன்றிங்க. கெடு முடிஞ்சத அப்படியே எடைக்குப் போடலாம்ல?

மொட்டைமாடி:
கிழிச்சுட்டுப் போடுங்க. எங்க ஆபீஸ் சம்பள ஷீட்டுல எனக்கே வடை மடிச்சுக் குடுத்தாங்க டீக்கடைல.