சிறப்பு அலுவலர் நிர்வாகத்தில் இருக்கும் ஊராட்சி: தெரு வடிகாலை எந்த நிதியில் கேட்பது?

கண்மாய்க்கரை (ஜூலை 2025):

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சி, மக்கள்தொகை சுமார் 2,300. எங்கள் தெரு 180 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 42 வீடுகள். வடிகால் இல்லாததால் கழிவுநீர் தெருவிலேயே நிற்கிறது. பக்கத்துத் தெரு வடிகாலில் "பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி 2011-12" என்ற பலகை இன்னும் இருக்கிறது. அதே நிதியில் எங்களுக்கும் வேண்டும் என்று மனு கொடுத்தோம். "அத்திட்டம் நடைமுறையில் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்துவிட்டது. இப்போது ஊராட்சித் தலைவரும் இல்லை. வடிகாலும் பேவர் பிளாக்கும் போட யாரிடம், எந்தக் கணக்கில் கேட்க வேண்டும்? ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன் எதையெல்லாம் தயார் செய்ய வேண்டும்?

தணிக்கைப் பத்தி:

அந்தப் பதில் சரிதான். ஆனால் அதோடு நிறுத்தியது தவறு, வேறு வழி எது என்றும் சொல்லியிருக்க வேண்டும். பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி 2006-07இல் நாடு முழுவதும் 250 மாவட்டங்களுக்கு வந்தது. தமிழ்நாட்டில் சிவகங்கை, கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, திண்டுக்கல், நாகப்பட்டினம் என ஆறு மாவட்டங்கள். 14வது நிதிக்குழு மாநிலங்களின் வரிப் பங்கை 32இலிருந்து 42 சதவீதமாக உயர்த்தியதும், 2015-16இல் ஒன்றிய அரசு அதற்கு நிதி தருவதை நிறுத்திவிட்டது. ‘தாய்’ என்ற மாநில அரசின் கிராமக் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டமும் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2021-22 முதல் 2025-26 வரைக்கு அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. அதில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஊராட்சிகள் என்று வரிசை. உங்கள் ஊராட்சியின் முறை எந்த ஆண்டு என்பதை ஒன்றிய அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். முறை முடிந்திருந்தால் அந்த வழியை விட்டுவிடலாம்.

மீதி இருப்பதில் முக்கியமானது 2025-26 வரைக்கான ஒன்றிய அரசின் 15வது நிதிக்குழு மானியம். அதில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி: பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மீதி 40 சதவீதம் கட்டற்ற நிதி. சம்பளமும் நிர்வாகச் செலவும் தவிர ஊரின் தேவைக்கு அதைச் செலவிடலாம். கழிவுநீர் மேலாண்மை சுகாதாரப் பங்கில் வரும், பேவர் பிளாக் வராது. இரண்டையும் ஒரே எஸ்டிமேட்டில் போட்டுக் கட்டுண்ட நிதியில் பில் எழுதினால் தணிக்கைத் தடை நிச்சயம். ஆகவே எஸ்டிமேட்டும் இரண்டு, தீர்மானமும் இரண்டு.

இன்னொரு சிக்கல். உங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 5.1.2025 அன்று முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் மானியம் என்பது நிதிக்குழுவின் நிபந்தனை. அதனால் புதிய தவணையை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஏற்கெனவே வந்து செலவாகாமல் கணக்கில் கிடக்கும் இருப்பு எவ்வளவு என்று பாருங்கள். இ-கிராம்ஸ்வராஜ் என்ற ஊராட்சிக் கணக்குத் தளத்தில் உள்நுழையாமலேயே ஊராட்சி வாரியாக வரவு, செலவு, அந்த ஆண்டின் வளர்ச்சித் திட்டம் மூன்றையும் பார்க்கலாம். திட்டத்தில் ஏற்றாத பணிக்குப் பில் போகாது. நடப்பு ஆண்டுத் திட்டத்தில் உங்கள் தெரு இல்லையென்றால் துணைத் திட்டமாகச் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் வேண்டும்.

மனுவை வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) பெயருக்கு எழுதுங்கள். அவர்தான் இப்போது தலைவருக்குப் பதிலாக உங்கள் ஊராட்சியை நிர்வகிக்கும் சிறப்பு அலுவலர். அதே கட்டடத்தில் வட்டார ஊராட்சிக்கு இன்னொரு வட்டார வளர்ச்சி அலுவலர் இருப்பார். அவர் மேசைக்குப் போன மனு அங்கேயே கிடக்கும்.

மட்டக்கோல்:

நிதி கிடைப்பதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள், பல தெருக்களில் காசு வீணாவது இங்கேதான். வடிகாலுக்கு 200க்கு 1 சரிவு வைத்தால் 180 மீட்டரில் 90 செ.மீ. இறக்கம். தொடக்கத்தில் 30 செ.மீ. ஆழம் என்றால், தெரு சமதளமாக இருக்கும்பட்சத்தில் கடைசியில் 120 செ.மீ. வந்துவிடும். வெளியேறும் ஓடையின் படுகை வடிகாலின் அந்த அடிமட்டத்தைவிட மேலே இருந்தால் தண்ணீர் பின்வாங்கித் தேங்கும். ஓவர்சீயரிடம் டம்பி லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து இரண்டு முனை, நடு, ஓடைப்படுகை நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். நடுப்பகுதி மேடாக இருந்து இரு முனையிலும் தண்ணீர் வெளியேற இடம் இருந்தால் 90 மீட்டர் வீதம் இருபுறமும் பிரிக்கலாம். இறக்கம் 45 செ.மீ. ஆகக் குறையும், கான்கிரீட்டும் மிச்சம்.

கண்மாய்க்குள் விடவே கூடாது. அந்த எஸ்டிமேட்டுக்கு நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 42 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 55 லிட்டர் என்றால் நாளுக்கு 9,240 லிட்டர் தண்ணீர். அதில் 70 சதவீதம் கழிவாக வந்தால் சுமார் 6,500 லிட்டர். தெருமுனையில் ஒரே ஒரு சமுதாய உறிஞ்சுகுழி வெட்டி அதில் இவ்வளவையும் விட்டால் களிமண்ணில் சீக்கிரமே நிரம்பி வழியும். இடம் உள்ள வீடுகளுக்குத் தனி உறிஞ்சுகுழியை 100 நாள் வேலைத் திட்டத்தில் கேளுங்கள். வீட்டுக்கு நாளுக்கு 154 லிட்டர்தான், செம்மண்ணில் 1 கன மீட்டர் குழி தாங்கும். கிணறு, கைப்பம்பிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். இடமே இல்லாத வீடுகளுக்கு மட்டும் வடிகால் என்றால் அதன் அளவு பாதியாகக்கூடக் குறையலாம்.

வரிசை முக்கியம்: குடிநீர்க் குழாய், பிறகு வடிகால், கடைசியில் பேவர் பிளாக். 180 × 3 என்றால் 540 சதுர மீட்டர். டிராக்டர் போகும் தெருவுக்கு 80 மி.மீ. தடிமன், எம்40 கான்கிரீட் தரம். ஓரத்தில் விளிம்புக் கான்கிரீட் இல்லாமல் போட்டால் முதல் மழையிலேயே ஓரக்கற்கள் விலக ஆரம்பிக்கும்.

தெற்குத்தெரு:

எம்.எல்.ஏ. நிதியில் கேட்டால் வேகமாக முடியாதா? நமக்கு நாமே திட்டமும் இருக்கிறதே.

தணிக்கைப் பத்தி:

கேட்கலாம். சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ₹3 கோடி, தொகுதி முழுவதற்கும். எம்.பி. நிதி ₹5 கோடி, உங்களுடையதுபோல ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் சேர்த்து. அதிலும் 2023 ஏப்ரல் முதல் நடைமுறை மாறிவிட்டது: பரிந்துரை இ-சாக்‌ஷி தளம் வழியாகத்தான் போக வேண்டும், பணமும் முன்போல மாவட்டக் கணக்கில் வந்து தங்குவதில்லை. எம்.பி. கையெழுத்திட்ட கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் போனால் வேலை நகராது.

நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு. ₹6 லட்சம் வேலைக்கு ₹2 லட்சம், அதாவது 42 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு ₹4,760 சொச்சம். கூலி வேலை செய்யும் தெருவில் இதைக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வெளியூரில் இருப்பவர்களோ நிறுவனமோ பங்களிப்பு தந்தால் மட்டும் போங்கள்.

கண்மாய்க்கரை:

தெளிவாகப் புரிந்தது. தீர்மானத்தை எப்படி எழுதுவது? போன முறை "தெருவுக்கு அடிப்படை வசதி செய்து தர" என்று எழுதினார்கள்.

தணிக்கைப் பத்தி:

அப்படி எழுதினால் எந்த எஸ்டிமேட்டோடும் அதை இணைக்க முடியாது. இப்படிக் கேளுங்கள்: "புல எண் இன்னதில் உள்ள தெருவில், இன்ன இடம் முதல் இன்ன இடம் வரை இத்தனை மீட்டர் நீளத்துக்குக் கழிவுநீர் வடிகால், 15வது நிதிக்குழு கட்டுண்ட நிதி, சுகாதாரப் பங்கு, துணைத் திட்டத்தில் சேர்க்க." பேவர் பிளாக்குக்குக் கட்டற்ற நிதி என்று தனித் தீர்மானம். புல எண்ணை வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் சரிபாருங்கள். தெருவின் ஒரு பகுதி யாருடைய பட்டாவிலாவது இருந்தால் வேலை பாதியில் நிற்கும். ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் தெரு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

501 முதல் 3,000 வரை மக்கள்தொகை என்றால் கிராம சபைக்குக் குறைவெண் (கோரம்) 100 பேர். வருகைப் பதிவேட்டில் 100 கையெழுத்து விழுந்த பிறகு தீர்மானத்தைப் படிக்கச் சொல்லுங்கள், தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்தைப் போட்டோ எடுங்கள். நடப்பு ஆண்டில் இருப்பு போதவில்லையென்றால் அக்டோபர் 2 கிராம சபையில் இதே வேலைகளை 2026-27 வளர்ச்சித் திட்டத்துக்கு மறுபடி தீர்மானமாக வையுங்கள்; 15வது நிதிக்குழுவின் காலம் 2025-26 உடன் முடிவதால் நிதியின் பெயரை மட்டும் கேட்டு எழுதுங்கள். ஓவர்சீயரின் மட்ட அளவுகளை ஆகஸ்ட் 15க்குள் வாங்கிவிடுங்கள், இரண்டு தடவையும் அதே தாள் உதவும்.