புதுப்பிப்பு: ஹைலக்ஸ் கெப்புக்கு லொக்கரா, எல்எஸ்டியா?

புல்மோட்டைப் பக்கம் கடற்கரை மணலில் வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றி இறக்கும் கெப்பின் (பிக்கப்பின்) பின் டிஃபரன்ஷலுக்கு, அதாவது இரண்டு பின் சில்லுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிக்கு, லொக்கரா எல்எஸ்டியா நல்லது என்று முந்தி கேட்டிருந்தேன். லொக்கர் இரண்டு சில்லையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்ற வைக்கும்; எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷல்) ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுற்றுவதை ஓரளவுக்குத் தடுக்கும். பதில் எழுதின எல்லோருக்கும் நன்றி. காற்றில் இயங்கும் லொக்கர் போட்டாச்சு, இப்ப புதைவதில்லை.

"ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினால் எல்எஸ்டி கைவிடும்" என்று பதில் எழுதின ஒரு அண்ணையின் கணக்குத்தான் சரி. வழுக்கும் சில்லுக்குக் கொஞ்சமாவது பிடி இருந்தால்தான் பிளேட் எல்எஸ்டி (உராய்வுத் தட்டுள்ள வகை) மற்றச் சில்லுக்குப் போதிய இழுவை கொடுக்கும். மாரியில் ஈரத் தார் ரோட்டில், கந்தளாய்ப் பக்கம் ஓடுபவருக்கு எல்எஸ்டியே நல்லது. ரயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கச் சொன்ன யோசனையும் அருமை. பாதி இடத்தில் லொக்கரே தேவைப்படவில்லை.

லொக்கரைப் பொருத்தும்போது பினியனை (இழுவையை உள்ளே கொண்டுவரும் சின்னப் பல்சக்கரத்தை) தொடவில்லை. அது சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் பேக்லாஷை (பல்லுக்கிடையிலான இடைவெளியை) 0.13–0.18 மில்லிமீற்றருக்குள் வைத்து, பல்லில் மை பூசித் தடம் பார்த்த பிறகே மூடினது.

எதிர்பாராதது ஒன்று: லொக்கர் ஓனில் இருக்கையில் அதற்குக் காற்று கொடுக்கும் கொம்பிரசர் விட்டுவிட்டு ஓடியது, பிறகு பிரீதரால் (டிஃபரன்ஷலின் காற்றுத் துவாரத்தால்) ஒயில் கக்கியது. உள்ளே சீலின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வெட்டுப்பட்டு, காற்று டிஃபரன்ஷல் ஹவுசிங்குக்குள் (கூட்டுக்குள்) இறங்கியிருந்தது. மாற்றியதும் நின்றுவிட்டது. இப்படி வந்தால் முதலில் குழாய் மூட்டுகளுக்குச் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கோ. குமிழி வராவிட்டால் ஓ-ரிங்கைச் சந்தேகியுங்கோ.

தார் ரோட்டில் ஏறமுன் லொக்கரை ஓஃப் பண்ணிவிட வேணும். இல்லாவிட்டால் திருப்பத்தில் கெப் நேரே தள்ளும், ஆக்சிலும் முறியலாம்.