அகலக்கோண லென்ஸில் வலப்பக்கம் மட்டும் மங்குகிறது: மாடலின் இயல்பா, இந்த லென்ஸின் குறையா?

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு)

வணக்கம். அண்மையில் 16-35 மி.மீ. எஃப்/4 லென்ஸ் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயக் கோபுரத்தை 16 மி.மீட்டரில், திறப்பை முழுதாக வைத்து எடுத்தபோது, இடப்பக்கத்துச் சுதைச் சிற்பங்கள் தெளிவாக இருக்க, வலப்பக்கத்தில் உள்ளவை மங்கிவிட்டன. திறப்பைச் சுருக்கி எஃப்/8இல் எடுத்தால் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அகலக்கோண லென்ஸ் என்றால் மூலைகள் மங்கத்தான் செய்யும் என்று கடையில் சொல்கிறார்கள். மாற்றிக்கொள்ள ஒரு வாரக் கெடு இருப்பதால், அதற்குள் இது உண்மையிலேயே குறைதானா என்று உறுதிசெய்ய விரும்புகிறேன்.

பதில் (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

கடையில் சொன்னதில் பாதிதான் உண்மை. மூலைகள் மங்குவது வடிவமைப்பின் இயல்பாக இருந்தால் நான்கு மூலைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் மங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்குவது, உள்ளே இருக்கும் பல கண்ணாடிகளில் ஏதோ ஒன்று மைய அச்சிலிருந்து விலகியோ சாய்ந்தோ இருப்பதன் அறிகுறி. அகலக்கோண ஜூம் லென்ஸ்களில் ஒளி மிகக் கூர்மையாக வளைக்கப்படுவதாலும் கண்ணாடித் தொகுதிகள் நகர்வதாலும் மிகச் சிறிய விலகல்கூடப் படத்தில் தெரிந்துவிடும். ஒரே மாடலின் பல லென்ஸ்களைக் கருவியில் அளந்து முடிவுகளை வெளியிட்ட ரோஜர் சிகாலாவும் (லென்ஸ்களை வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்), எந்த இரண்டும் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை என்றே காட்டியிருக்கிறார். ஆகவே சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். எஃப்/4இல் கண்ணுக்கு நேராகத் தெரிவதைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஆனால் கோபுரத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். சிற்பங்கள் வெவ்வேறு ஆழத்தில் இருக்கின்றன. கேமராவும் அண்ணாந்து பார்க்கிறது. ஜார்ஜ் டவுனின் உயரமான கொம்தார் கட்டடம் தெரியும்படி தொலைவில் ஓர் இடத்தில் முக்காலியை நிறுத்துங்கள். 16 மி.மீட்டரில் நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள எதுவும் முடிவிலிக்குச் சமம் என்பதால், சுவரைப் படமெடுக்கும்போது கேமராவை அதற்குச் சரியாக இணையாக வைக்க வேண்டிய சிக்கல் இங்கே எழாது. கட்டடத்தை நடுவில் வைத்துக் கையால் குவியப்படுத்திவிட்டு, வளையத்தைத் தொடாமல், அதே சன்னல் வரிசை ஒவ்வொரு மூலையிலும் விழும்படி கேமராவைத் திருப்பி எஃப்/4இல் எடுங்கள்.

பதில் (பட்டர்வொர்த்)

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வெயில் ஏறிய பிறகு சோதிக்காதீர்கள். தார்ச்சாலையிலிருந்து எழும் வெப்பக் காற்றே தொலைவில் உள்ள சன்னல்களை அலையவைக்கும். மழை ஓய்ந்த காலை நேரமே நல்லது. குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்துவந்தால் கண்ணாடியில் படியும் பனி விலகும்வரை காத்திருங்கள். அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து இன்னொரு முறை எடுங்கள்: மங்கல் காட்சியின் இடப்பக்கத்துக்கு மாறினால் குறை கருவியில் இருக்கிறது, அதே இடத்தில் நின்றால் காட்சியில் இருக்கிறது. கருவியில் என்றால், வேறொரு லென்ஸைப் பொருத்தியும் பாருங்கள். அதிலும் வலப்பக்கம் மங்கினால் கேமராவின் பொருத்துவளையத்தையோ சென்சாரையோதான் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சொன்னபடியே செய்தேன். வலப்பக்க இரு மூலைகளிலும் சன்னல் கோடுகள் இரட்டித்துத் தெரிகின்றன; கவிழ்த்தபோது மங்கல் இடப்பக்கத்துக்கு வந்துவிட்டது. என் 35 மி.மீ. லென்ஸில் இரு பக்கமும் சமமாகவே உள்ளன. 35 மி.மீ. முனையில் இந்த ஜூமும் நன்றாகவே இருக்கிறது.

பதில் (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

அப்படியானால் குறை லென்ஸில்தான். ஒரு முனையில் மட்டும் குறை தெரிவது ஜூம்களில் வழக்கம் என்பதால், 35இல் நன்றாக இருப்பதைக் காட்டி அவர்கள் மறுத்தால் ஏற்காதீர்கள். நான்கு மூலைகளின் படங்களையும் திருத்தம் செய்யாமல் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள். மறுத்தால், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 சொல்வதைச் சுட்டிக்காட்டுங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். மாற்றித் தரும் லென்ஸையும் கெடு முடிவதற்குள் இதே முறையில் 16, 24, 35 மூன்றிலும் சோதித்துவிடுங்கள்.