எசான் கருப்பு சூப் கறுக்காமல் பச்சையாகவே நிற்கிறது, கசப்பும் அடங்கவில்லை: என்ன காரணம்?

லேகோஸ் அடுப்படி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நைஜீரியாவின் எடோ மாநிலத்து எசான் மக்கள் ஓமோயெபே என்றும், மற்றவர்கள் பொதுவாகக் கருப்பு சூப் என்றும் சொல்லும் இலைக் குழம்பை லேகோஸில் எங்கள் வீட்டில் சமைத்துப் பார்த்து வருகிறேன். உரோமியைச் சொந்த ஊராகக் கொண்ட அலுவலக நண்பர் ஒருவர் அடுத்த வாரம் குடும்பத்துடன் விருந்துக்கு வருகிறார். அவருடைய ஊர்ச் சாப்பாட்டை அவருக்கே பரிமாறத் துணிந்தபின், வாயில் வைக்கிற மாதிரியாவது அது அமைய வேண்டும் என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். பிட்டர் லீஃப், சென்ட் லீஃப், உஸிஸா ஆகிய மூன்று இலைகளிலும் ஒவ்வொரு கட்டு வாங்கி, நம் ஊர்க் கீரையைப் போல மூன்று நான்கு முறை அலசி, மிக்ஸியில் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்தேன். சிவப்புப் பாமாயிலைப் புகை வரும்வரை காய்ச்சி, வெங்காயம் வதக்கி, வேகவைத்த ஆட்டுக்கறியையும் அதன் சாற்றையும் சேர்த்து, கடைசியில் இலை விழுதை ஊற்றிக் கொதிக்கவிட்டேன். கீரை நிறம் மாறாமல் இருக்கப் பழக்கம்போல ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு, மூடாமல் வேகவைத்தேன்.

கிடைத்தது பளிச்சென்ற பச்சை நிறத்தில், மேலே நுரை கட்டிய ஒரு நீர்த்த குழம்பு. எண்ணெய் தனியே மிதந்தது. கசப்போ சாப்பிட்டு முடித்த பிறகும் தொண்டையை விட்டுப் போகவில்லை. நண்பர் வீட்டில் நான் சாப்பிட்டது கெட்டியாகவும் ஏறக்குறைய கருப்பாகவும் இருந்தது. கசப்பு லேசாக வந்து போனதே தவிர நிற்கவில்லை. எந்த இடத்தில் வழி தவறுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பெனின் வாசி

வணக்கம். நான் பெனின் சிட்டியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். எக்போமா, இருவா ஊர்களைச் சேர்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருப்பதால் இந்தக் குழம்பை அவர்கள் வீட்டு அடுப்பருகே நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். நீங்கள் எழுதியதில் சரிசெய்ய வேண்டியவை பல இருந்தாலும், அவற்றையெல்லாம் தொடுவதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: நீங்கள் வாங்கியது உண்மையில் உஸிஸா தானா?

சந்தையில் உஸிஸாவுக்குப் பக்கத்திலேயே உடாஸி என்ற இன்னொரு இலையும் கட்டுக்கட்டாக இருக்கும். இரண்டும் இதய வடிவம், பெயரும் ஒலியில் நெருக்கம், சத்தத்துக்கு நடுவே கேட்டு வாங்கும்போது மாறிவிடுவது வெகு சாதாரணம். உஸிஸா நம் மிளகுக்கும் வெற்றிலைக்கும் உறவான கொடி. இலை கரும்பச்சையாக, சற்றுப் பளபளப்பாக இருக்கும், கசக்கினால் மிளகு வாசனை மூக்கில் ஏறும். உடாஸியின் காம்பைக் கிள்ளினால் பால் வரும், மெல்லும்போது முதலில் கசந்து பிறகு மெல்ல ஓர் இனிப்புத் தட்டும். ஒரு பானைக்கு நாலைந்து உடாஸி இலைகளுக்கு மேல் யாரும் போடமாட்டார்கள். ஒரு கட்டு முழுவதையும் அரைத்து ஊற்றியிருந்தால், பிட்டர் லீஃபை எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கசப்பு அடங்காது. மிச்சம் இருந்தால் காம்பைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்தது பிட்டர் லீஃப். இதை அலசினால் போதாது, கசக்க வேண்டும். அகன்ற பாத்திரத்தில் இலையோடு ஒரு கைப்பிடி உப்பைப் போட்டு, துணி துவைப்பதுபோல இரு கைகளாலும் தேய்த்தால் பச்சை நுரை பொங்கி வரும். அந்த நீரைக் கொட்டிவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். நீர் தெளியத் தொடங்கும்போது ஓர் இலையைக் கடித்துப் பார்த்து, கசப்பு இருப்பது தெரிந்தும் முகம் சுளிக்காத நிலையில் நிறுத்திவிடலாம். இதற்கு நேரம் இல்லையென்றால், கழுவிப் பிழிந்து உருண்டையாக விற்கும் பிட்டர் லீஃபை வாங்கிக்கொள்ளுங்கள். லேகோஸில் எவுரோ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

அளவும் சமமாக இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் சென்ட் லீஃப் நான்கு பங்கு, உஸிஸா ஒரு பங்கு, கழுவிப் பிழிந்த பிட்டர் லீஃப் ஒரு பங்கு. இந்தக் குழம்பின் உயிர் சென்ட் லீஃப் தான். கிராம்பும் ஓமமும் சேர்ந்த வாசனையுள்ள அந்தத் துளசி இனம் முன்னால் நிற்க, மற்ற இரண்டும் பின்னால் நிற்க வேண்டும். லேகோஸ் சந்தையில் அதை எஃபிரின் என்று கேளுங்கள்.

இலையும் வேதியியலும்

நிறத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். நீங்கள் பச்சை மாறாமல் இருக்க என்னவெல்லாம் செய்ய வேண்டுமோ அதையெல்லாம் சரியாகச் செய்திருக்கிறீர்கள். பச்சை மாற வேண்டிய குழம்பில் அதைச் செய்ததுதான் சிக்கல்.

இலையின் பச்சையத்தில் நடுநாயகமாக இருப்பது மக்னீசியம். இலை வேகும்போது அதிலிருந்தே வெளிவரும் அமிலங்கள் அந்த மக்னீசியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் ஹைட்ரஜனை அமர்த்துகின்றன. நிறம் பழுப்பு கலந்த ஆலிவ் பச்சைக்கு இறங்குகிறது. மூடாமல் வேகவைத்தால் ஆவியாகக் கூடிய அமிலங்கள் வெளியேறிவிடும், ஆப்பசோடா போட்டால் மீதமுள்ள அமிலமும் சமன்பட்டுவிடும், இரண்டும் சேர்ந்தால் பச்சை அப்படியே நிற்கும். ஆகவே சோடாவை விட்டுவிடுங்கள், பாத்திரத்தை மூடிச் சிறு தீயில் வையுங்கள். பிட்டர் லீஃபின் கசப்பைக் குறைக்கச் சிலர் கன்வா எனப்படும் சமையல் காரத்தைச் சேர்த்து அவிப்பதுண்டு; அதுவும் காரத்தன்மை உடையது என்பதால் இந்தக் குழம்புக்கு அது வேண்டாம்.

வெந்து மங்கிய இலை மட்டும் இதைக் கருப்பாக்கிவிடாது. சிவப்புப் பாமாயிலின் நிறமும் அதோடு கலந்துதான் குழம்பு அவ்வளவு இருண்ட நிறத்துக்கு வருகிறது. அந்தச் சிவப்பு கரோட்டினால் வருவது. எண்ணெயைப் புகைய விட்டால் கரோட்டின் சிதைந்து எண்ணெய் வெளுத்துவிடும். நல்லெண்ணெயைக் காய்ச்சுவதுபோல இதைக் காய்ச்சக் கூடாது.

நுரைக்குக் காரணம் பிட்டர் லீஃபில் உள்ள சபோனின். சோப்புக்காயில் நுரை வருவதும் இதே வகைப் பொருளால்தான். தண்ணீர் நிறைய ஊற்றி மிக்ஸியை வேகமாக ஓட்டும்போது காற்றும் உள்ளே போய்விடுவதால் விழுது வெளிறித் தெரிகிறது.

லேகோஸ் அடுப்படி

இருவருக்கும் மிக்க நன்றி. குளிர்பெட்டியில் நாலைந்து இலைகள் மீதம் இருந்தன. காம்பைக் கிள்ளியவுடன் வெள்ளையாகப் பால் துளிர்த்தது. ஆகவே அது உடாஸிதான். விற்ற அம்மாளிடம் நான் உச்சரித்த விதம் அவருக்கு அப்படிக் கேட்டிருக்கலாம்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். அம்மி இல்லாத வீட்டில் தண்ணீர் சேர்க்காமல் எப்படி அரைப்பது? பாமாயிலுக்குப் பதிலாக எண்ணெய்ப்பனைப் பழத்தைப் பிழிந்து ஊற்றுவதுதான் முறை என்று ஒருவர் சொல்கிறார். அவ்வளவு பாடு படத்தான் வேண்டுமா?

கிழக்குப் பக்கத்து விருந்தாளி

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இக்போ நண்பர்கள் வீட்டில் பிட்டர் லீஃப் சூப் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். அங்கே கசப்பு அநேகமாகத் தெரியாத அளவுக்கு இலையைக் கழுவி, ஒருமுறை அவித்தும் எடுத்துவிடுகிறார்கள். கசப்பை விரும்பாதவர்கள் அதே வழியைப் பின்பற்றினால் என்ன?

பெனின் வாசி

கிழக்குப் பக்கத்து விருந்தாளி சொல்வது அந்தச் சூப்புக்குப் பொருந்தும். அங்கே இலையை முழுதாகப் போடுகிறார்கள், குழம்பைக் கெட்டியாக்குவது கோக்கோயம் எனப்படும் சேப்பங்கிழங்கு வகை. ஓமோயெபேயில் கெட்டித்தன்மை முழுவதும் அரைத்த இலையிலிருந்தும் பனைச் சாற்றிலிருந்தும்தான் வர வேண்டும். கசப்பை முழுவதுமாகக் கழுவிவிட்டால் சென்ட் லீஃபின் காரமான வாசனை மட்டும் தனித்து நின்று குழம்பு தட்டையாகிவிடும். விருந்துக்கு வருகிறவர் உரோமிக்காரர் என்பதால் ஓர் இழை கசப்பை விட்டுவைப்பதே சரி.

அரைப்பதற்கு மிக்ஸியின் சட்னி ஜார் போதும். பிட்டர் லீஃபை ஒட்டப் பிழிந்து, மூன்று இலைகளையும் கத்தியால் பொடியாக நறுக்கிக்கொண்டு, கறி வெந்த சாற்றிலிருந்து இரண்டு மூன்று தேக்கரண்டி மட்டும் விட்டு, விட்டு விட்டு அரையுங்கள். ஓரத்தில் ஒட்டுவதை வழித்துவிட்டு மறுபடி அரைக்க வேண்டியிருக்கும். விழுதைக் கரண்டியில் எடுத்தால் கவிழ்த்தாலும் உடனே விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் பதம்.

பனைப்பழத்தைப் பற்றி: பட வேண்டிய பாடுதான். ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கு ஒரு கிலோ பழம் வாங்கி, தோல் நன்றாகக் குழையும்வரை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உரலில் போட்டு இடியுங்கள். உள்ளே இருக்கும் கொட்டை உடையாமல் மேல்சதை மட்டும் நாராகக் கழன்று வரும்படி இலேசாக இடிக்க வேண்டும். வெந்நீர் ஊற்றிப் பிசைந்து வடிகட்டினால் செம்மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பாலை ஒத்த கெட்டியான சாறு கிடைக்கும். இதில் எண்ணெயோடு சதையும் இருப்பதால் குழம்பு தானாகக் கெட்டிப்படுகிறது. வெறும் பாமாயில் ஊற்றும்போது அது தனியே மிதப்பதற்கு இந்தச் சதை இல்லாததுதான் காரணம். பழம் கிடைக்காவிட்டால் டின்னில் வரும் பனைச் சாற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சாற்றைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, ஓரங்களில் சிவப்பு எண்ணெய் பிரியத் தொடங்கியதும் வெந்த கறி, அரைத்த வெங்காயமும் அத்தா ரோடோ மிளகாயும், வெந்நீரில் கழுவி முள் நீக்கிய புகையிட்ட கெளுத்தி மீன், கிரேஃபிஷ் பொடி ஆகியவற்றைச் சேருங்கள். இங்கே கிரேஃபிஷ் என்று விற்பது காய்ந்த சிறு இறால்தான். நம் கூனிப்பொடியை நினைத்துக்கொள்ளுங்கள். தாளிப்பது, மஞ்சள்தூள் போடுவது ஆகிய நம் கைப்பழக்கங்களுக்கு இங்கே வேலை இல்லை. எல்லாம் ஒன்றுகூடிய பிறகு இலை விழுதைக் கரைத்துவிட்டு, மூடிச் சிறு தீயில் 15 நிமிடம் வையுங்கள். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். நிறமும் வாசனையும் இரண்டும் மூடிக்குள்தான் இருக்கின்றன.

சைவப் பாத்திரம்

கறியும் மீனும் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா? பனைச்சாறும் இலைகளும் இருப்பதால் அடிப்படை நமக்கு ஒத்துவரும் என்றுதான் தோன்றுகிறது.

பெனின் வாசி

முடியும். கிரேஃபிஷ் தரும் ஆழத்துக்கு ஈடாக, ‘இரு’ என்ற பெயரில் விற்கும் புளிக்கவைத்த லோகஸ்ட் பீன் விதையை ஒரு மேசைக்கரண்டி நசுக்கிப் போட்டு, கறிக்குப் பதில் காளானைச் சேருங்கள். அந்த ‘இரு’வின் நெடி முதல் தடவை சமையலறையையே கலங்கடிக்கும். குழம்பில் சேர்ந்த பிறகு அடங்கிவிடும். எசான்காரர் யாரும் அதை முழு ஓமோயெபே என்று ஒப்புக்கொள்ளமாட்டார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

லேகோஸ் அடுப்படி

நீங்கள் சொன்னபடி முழு முறையையும் நேற்று ஒத்திகை பார்த்தேன். மூடியைத் திறந்தபோது குழம்பு கரும்பச்சையைத் தாண்டி இருண்டிருந்தது, நுரை அறவே இல்லை, கரண்டியின் பின்புறத்தில் படலமாக ஒட்டியது. கசப்பு இரண்டாவது வாயில் மறைந்துவிட்டது. உஸிஸாவை இம்முறை கசக்கி முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு குறை மட்டும் உண்டு: சென்ட் லீஃபின் வாசனை நண்பர் வீட்டில் இருந்த அளவுக்குத் தூக்கலாக இல்லை. அதோடு, குழம்புடன் பரிமாறும் இடித்த யாம் கிழங்கை மிக்ஸியில் அடித்துச் செய்துவிடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பெனின் வாசி

சென்ட் லீஃபில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைத்து, அரைக்காமல் மெல்லியதாக அரிந்து, அடுப்பை அணைப்பதற்கு ஒரு நிமிடம் முன் தூவி உடனே மூடிவிடுங்கள். அந்த வாசனை எண்ணெய் வெப்பத்தில் எளிதில் பறந்துவிடக் கூடியது.

யாமை மிக்ஸியில் அடிக்க வேண்டாம், பசைபோல இழுபட்டுவிடும். வெள்ளை யாமைத் தோல் சீவித் துண்டாக்கி உப்பில்லாமல் அவித்து, சூடாக இருக்கும்போதே உரலில் கட்டி இல்லாமல் இடித்துத் திரட்டுங்கள். உரல் இல்லையென்றால் கடையில் கிடைக்கும் யாம் மாவை வெந்நீரில் மரக்கரண்டியால் கிண்டுவது மேல். எசான் நாடு யாமுக்குப் பேர்போனது என்பதால் அந்தக் குடும்பத்தார் கண் முதலில் போவது அதன் மேல்தான். ஆகவே குழம்பை முன்னதாகவே செய்து சூடுபடுத்திக்கொண்டு, யாமை மட்டும் அவர்கள் வந்து அமர்ந்த பிறகு இடிக்கத் தொடங்குங்கள்.