ஃபோர்மனுக்கு வாய்த்தது, அலிக்கு வாய்க்காதது

குழு: ராயபுரம் குடும்பம்

விக்னேஷ்: மைக் டைசன், யூடியூபர் ஜேக் பால் பாக்சிங் சண்டையை இன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். மனசே சரியில்லை. 1986-இல் 20 வயதில் டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்த மனிதர். 58 வயதில் எட்டு ரவுண்டும் கையைத் தூக்கவே சிரமப்படுகிறார்.

திவ்யா: ரவுண்டுக்கு இரண்டு நிமிஷம்தானே வைத்திருந்தார்கள்?

பாபு சித்தப்பா: ஆமாம்மா. வழக்கமாக மூன்று நிமிஷம். கிளவுஸும் 14 அவுன்ஸ், ஹெவிவெயிட்டில் போடுவது 10. அப்படியிருந்தும் மூன்றாவது ரவுண்டுக்குமேல் கால் வரவில்லை. ஒரு ஜட்ஜ் 80-72 போட்டார். அவர் கணக்கில் டைசனுக்கு ஒரு ரவுண்டுகூடக் கிடைக்கவில்லை.

விக்னேஷ்: சரி, அதை விடுங்கள். 1988 டைசனும் 1967 அலியும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்?

பெரியப்பா: அலி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

விக்னேஷ்: பெரியப்பா, ஸ்பிங்க்ஸை 91 செகண்டில் முடித்த ஆள் டைசன்!

பெரியப்பா: ஸ்பிங்க்ஸ் எதிரில் நின்றார், அடி வாங்கினார். அலி எங்கேடா நின்றார்?

பாபு சித்தப்பா: இந்த மாதிரிக் கேள்விக்குக் கம்ப்யூட்டரை வைத்தே ஒரு தடவை பதில் தேடினார்கள் விக்கி. 1969-இல் அலி போட்டித் தடையில் இருந்தார். ராக்கி மார்சியானோ 49 சண்டையில் 49-ம் ஜெயித்து 1956-இல் ஓய்வு பெற்றவர். இரண்டு பேரையும் ரிங்கில் விட்டு விதவிதமான முடிவுகளைப் படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் சொன்ன முடிவு என்று 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் காட்டினார்கள். 13-ஆவது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட்டில் ஜெயிப்பதாக முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. முந்தின ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

திவ்யா: மார்சியானோ என்ன எடை?

பாபு சித்தப்பா: 85 கிலோ சுமார். இன்றைக்கு என்றால் ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள க்ரூஸர்வெயிட்டில்தான் ஆடியிருப்பார். அதன் எல்லையே 90.7 கிலோ. அதற்காக எடைதான் எல்லாம் என்றும் சொல்ல முடியாது. க்ரூஸர்வெயிட்டிலிருந்து வந்த உசிக்தான் 2024-இல் தன்னைவிட அரை அடி உயரமான டைசன் ஃப்யூரியை இரண்டு தடவை ஜெயித்தார்.

விக்னேஷ்: அப்படியானால் ஒப்பிடவே கூடாதா?

பாபு சித்தப்பா: ஒப்பிடலாம். யார் யாரை அடித்திருப்பார் என்று கேட்டால் அவரவர் ஆசையைத்தான் சொல்வோம். வயதான பிறகு ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று பார். எந்தக் காலத்திலும் 38 வயது 38 வயதுதான்.

பெரியப்பா: அதைப் பேசினால் எனக்கு வலிக்கும் பாபு. 1980 தொடக்கத்தில் அலி மெட்ராஸ் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆர். வந்திருந்தார். நம் வட சென்னை பாக்சிங் பையன்கள் ஒருத்தர் விடாமல் அங்கே இருந்தோம். அதே வருஷம் அக்டோபரில் லாஸ் வேகாஸில் அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸிடம் அந்த மனிதர் பட்டதைப் பேப்பரில் படித்தபோது சாப்பாடு இறங்கவில்லை.

செல்வி அத்தை: அண்ணா, அந்தச் சண்டையை நடத்த விட்டதே தப்பு. எடை குறையத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தார். பார்க்க ஒல்லியாக, பழைய அலி மாதிரியே தெரிந்தார். ஆனால் அந்த மாத்திரை தசையையும் கரைக்கும், இதயத் துடிப்பையும் ஏற்றும். நெவாடா வெக்கையில் பதினைந்து ரவுண்டு சண்டைக்கு அந்த உடம்போடு இறங்கினார். நர்ஸாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது உயிரோடு விளையாடியது.

பாபு சித்தப்பா: பத்து ரவுண்டு முடிந்ததும் டிரெய்னர் ஏஞ்சலோ டண்டி நிறுத்தினார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலியின் பயிற்சித் துணை. ஜெயித்தவர் அவர்தான், அழுதவரும் அவர்தான்.

செல்வி அத்தை: அதற்குப் பிறகும் 1981 டிசம்பரில் பஹாமாஸில் ஒரு சண்டை போட்டார். 1984-இல் பார்க்கின்சன் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

விக்னேஷ்: அங்கே அவரை ஜெயித்ததும் பெர்பிக்தானே? டைசன் முதல் பட்டம் வாங்கியது அவரிடம்!

பாபு சித்தப்பா: அவரேதான். ஜோ லூயிஸ் கதையும் இதே மாதிரிதான். 1937 முதல் 1949 வரை சாம்பியன், 25 தடவை பட்டத்தைக் காப்பாற்றியவர். வரிக் கடன் கழுத்தை நெரித்ததால் திரும்ப இறங்கினார். 1951-இல் 37 வயதில் மார்சியானோ அவரை எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். அதற்கும் முன்னால் பழைய சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸ். ஐந்து வருஷ ஓய்வுக்குப் பிறகு 1910-இல் ரெனோவில் ஜாக் ஜான்சனிடம் தோற்றார்.

திவ்யா: அப்போ ஜார்ஜ் ஃபோர்மன் மட்டும் 45 வயதில் மறுபடியும் சாம்பியன் ஆனது எப்படி?

பாபு சித்தப்பா: இதைத்தான் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். 1973-இல் கிங்ஸ்டனில் சாம்பியன் ஜோ ஃப்ரேஸியரை ஆறு தடவை விழ வைத்த அந்த ஃபோர்மன் திரும்ப வரவில்லை. வந்தது வேறு ஆள். 1977-இல் ஜிம்மி யங்கிடம் தோற்றதோடு நிறுத்தினார். ஹூஸ்டனில் போதகரானார். பத்து வருஷம் கிளவுஸே போடவில்லை. பிள்ளைகளுக்கு நடத்திய மையத்துக்குப் பணம் வேண்டும் என்று 1987-இல் 38 வயதில் வந்தார். எடை 120 கிலோவுக்கு மேல்.

விக்னேஷ்: முதலில் எல்லாம் பேர் தெரியாத ஆட்களோடுதான் ஆடினார் என்று சொல்வார்களே?

பாபு சித்தப்பா: அதில் என்ன தப்பு? லூயிஸ் நேரே அப்போதைய சாம்பியன் எஸார்ட் சார்ல்ஸிடம் போனார், அலி நேரே ஹோம்ஸிடம் போனார். ஃபோர்மன் நான்கு வருஷம் சின்ன ஊர்களில் சுற்றி 24 சண்டை ஜெயித்தார். பழைய ஃபோர்மன் நான்கு ரவுண்டில் எதிராளி விழவில்லை என்றால் மூச்சு வாங்குவார். புது ஃபோர்மன் அவசரமே படவில்லை. கையை மார்புக்குக் குறுக்கே வைத்துத் தடுப்பார், கனமான ஜாபை (முன்கையால் விடும் நேர்க்குத்து) அடித்துக்கொண்டே மெதுவாக முன்னால் வருவார். ரவுண்டு இடைவெளியில் ஸ்டூலில் உட்கார மாட்டார், நின்றுகொண்டே இருப்பார். 1991-இல் 42 வயதில் ஹோலிஃபீல்டோடு 12 ரவுண்டும் நின்று பாயின்டில் தோற்றார். ஹோலிஃபீல்டுக்கு அப்போது 28.

பெரியப்பா: அலியின் வித்தை காலில் இருந்தது. கால்தான் முதலில் போகும். ஃபோர்மனுடையது கையில் இருந்தது. குத்தின் பலம் கடைசியில்தான் போகும். அதை வைத்து அலியைக் குறைத்துப் பேசக் கூடாது பாபு.

பாபு சித்தப்பா: குறைக்கவில்லை அண்ணே. அலியின் நல்ல வயதில் மூன்றரை வருஷம், 25-லிருந்து 28 வரை, தடை போட்டுப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஃப்ரேஸியர் மூன்று தடவை (1975 மணிலா சண்டையும் அதில் ஒன்று), நார்டன் மூன்று தடவை, 1977-இல் ஷேவர்ஸ் என்று ஓயாமல் அடி. ஃபோர்மனின் தலையோ 28-லிருந்து 38 வரை ஒரு குத்துகூட வாங்கவில்லை.

செல்வி அத்தை: இதுதான் முக்கியம். குத்து ஒவ்வொன்றும் மூளையில் சேர்ந்துகொண்டே போகும். பத்து வருஷ ஓய்வு சின்ன விஷயமில்லை. ஆனால் ஃபோர்மனைக் காட்டி 45 வயதில் யாரையும் ரிங்குக்கு அனுப்பாதீர்கள். விக்கி, நீ படித்துக்கொள்.

விக்னேஷ்: அத்தை, எனக்கு 21 தான்!

திவ்யா: மூரர் சண்டையைச் சொல்லுங்கள் சித்தப்பா.

பாபு சித்தப்பா: 1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். ஹெவிவெயிட் சாம்பியன் மைக்கேல் மூரர் 26 வயது, 35 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காதவர். ஃபோர்மனுக்கு 45. இருபது வருஷத்துக்கு முன் கின்ஷாசாவில் அலியிடம் தோற்றபோது போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசரோடு வந்தார். கார்னரில் யார் தெரியுமா? கின்ஷாசாவில் அலியின் கார்னரில் இருந்த ஏஞ்சலோ டண்டி. ஒன்பது ரவுண்டு மூரர் அடித்தார். மூன்று ஜட்ஜ் கணக்கிலும் ஃபோர்மன் பின்னால். மூரரின் டிரெய்னர் டெடி அட்லஸ் அவர் முன்னால் நிற்காதே, விலகு என்று கத்திக்கொண்டே இருந்தார். பத்தாவது ரவுண்டில் ஒரு கணம் மூரர் நேராக நின்றார். சின்ன வலதுகைக் குத்து, அவ்வளவுதான். ஃபோர்மன் மூலைக்குப் போய் மண்டியிட்டுவிட்டார். அதற்கு முன் மிக அதிக வயதில் இந்தப் பட்டம் வாங்கியவர் ஜெர்ஸி ஜோ வால்காட், 37 வயதில்.

பெரியப்பா: 2025 மார்ச்சில் ஃபோர்மன் போன செய்தி வந்த அன்று இந்தச் சண்டையைத்தான் போட்டுப் பார்த்தேன்.

விக்னேஷ்: ஆனால் ஃபோர்மன் ஒருத்தர்தான் என்று சொல்ல முடியாது. 1992-இல் ஹோம்ஸ் 42 வயதில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ரே மெர்ஸரை ஜெயித்தார். அப்போது மெர்ஸர் தோல்வியே காணாதவர்.

பாபு சித்தப்பா: சபாஷ்டா. அதுவும் ஜாபால்தான். மூலையில் சாய்ந்து நின்றபடியே பையனுக்குப் பாடம் எடுத்தார்.

செல்வி அத்தை: எல்லோரும் ஃபோர்மனையே பேசுகிறீர்கள். அந்த மூரர் பையன் அப்புறம் என்ன ஆனான்?

பாபு சித்தப்பா: எழுந்துவிட்டார் அக்கா. 1996-இல் ஜெர்மனியில் ஆக்ஸல் ஷுல்ஸை ஜெயித்து ஐபிஎஃப் (உலக பாக்சிங் அமைப்புகளில் ஒன்று) பட்டத்தை மறுபடியும் வாங்கினார்.

செல்வி அத்தை: நல்லது. அந்தச் சண்டை கிடைத்தால் அனுப்பு.